பிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டை வீட்டிலேயே மாற்றுதல்: அறிகுறிப்படி பிழை நீக்கும் வழிமுறை

வெளிநாட்டிலுள்ள உறவினர் வீட்டுச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் வீட்டைச் சூடாக்குவதற்கானது. வட இலங்கையின் வன்னியில் அப்படியொன்றுக்கு வேலையில்லை. இங்கே ஒரு வீட்டில் பழுதாகித் தொல்லை தரும் தெர்மோஸ்டாட் என்றால் அது பெரும்பாலும் பிரிட்ஜுக்குள் இருப்பதுதான். உள்ளே விளக்குக்கு அருகில் 0 முதல் 5 அல்லது 7 வரை இலக்கம் போட்ட ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் சிறிய சுவிட்ச்தான் அது. அதிலிருந்து புறப்படும் மெல்லிய உலோகக் குழாய் ஐஸ் பெட்டியின் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். தகடு போதிய அளவு குளிர்ந்ததும் சுவிட்ச் கொம்பிரசரை நிறுத்தும், வெப்பம் ஏறியதும் மறுபடி ஓடவிடும்.

விலை குறைந்த இந்தப் பாகத்தை ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் மாற்றிவிடலாம். ஆனால் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்ற முடிவோடு என்னிடம் காட்டப்படும் பிரிட்ஜ்களுள் பல, உண்மையில் வோல்டேஜ் குறைவாலோ, கதவு றப்பர் விறைத்ததாலோ, கொம்பிரசரைக் கிளப்பிவிடும் ரிலேக்குள் எறும்பு புகுந்ததாலோ நின்றவை. ஆகவே கீழேயுள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலிலும், காசு கேட்கும் காரணம் பின்னாலும் வருகிறது. தெர்மோஸ்டாட் அதற்குரிய இடத்தில் மட்டும் வரும்.

இங்கே சொல்வது குமிழ் வைத்த ஒற்றைக் கதவு பிரிட்ஜுக்கும் அதே முறையில் இயங்கும் சிறிய இரட்டைக் கதவு பிரிட்ஜுக்கும் பொருந்தும். கதவில் இலக்கத் திரையும் தொடு பொத்தான்களும் உள்ள மாதிரிகளில் இந்தச் சுவிட்ச் கிடையாது. அவற்றில் உணரியும் மின்னணு அட்டையும் இருப்பதால், அவற்றை விற்றவரின் சேவை நிலையத்திடமே விட்டுவிடுவது நல்லது.

தொடங்குவதற்கு முன்

ஒரு நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவர், ஒரு தட்டைத் தலை ஸ்குரூ டிரைவர், கூர்மூக்குக் குறடு, இன்சுலேஷன் ரேப், சாதாரண மல்டிமீற்றர், படம் எடுக்க ஒரு கைத்தொலைபேசி ஆகியவை போதும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றி உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். சில பழைய வீடுகளில் உயிர்க் கம்பியும் நடுநிலைக் கம்பியும் மாறிக் கிடக்கின்றன. அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் பிரிட்ஜுக்குள் மின்சாரம் இருக்கும்.

பிரிட்ஜின் பின்புறத்திலோ உட்சுவரிலோ ஒட்டப்பட்டிருக்கும் தகவல் தாளையும் ஒருமுறை வாசியுங்கள். ஆர் 600ஏ என்று எழுதி, பக்கத்தில் தீச்சுவாலை போட்ட முக்கோணம் இருந்தால் உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. தெர்மோஸ்டாட் மாற்றுவதற்கு அந்த வாயுவைத் தொட வேண்டியதில்லை என்றாலும், அப்படிப்பட்ட பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடுப்பை எரியவிட்டு வேலை செய்யக் கூடாது. கதவு, யன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அறிகுறி 1: உள்ளே விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை

இதில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிப்பது கடைசி வேலை. அதே பிளக் பொயின்ட்டில் ஒரு மேசை விளக்கையோ தொலைபேசிச் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் பிழை வீட்டு மின்சுற்றில் இருக்கிறது. பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்தால், சதுரக் கால்கள் கொண்ட 13 அம்பியர் பிளக்காக இருக்கும்பட்சத்தில் அதற்குள் இருக்கும் பியூஸைச் சோதியுங்கள். உருண்டைக் கால் பிளக் என்றால் அதைத் திறந்து, கம்பி தளர்ந்திருக்கிறதா, பிளாஸ்டிக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். இடையில் வோல்டேஜ் கார்ட் பூட்டியிருந்தால், அது மின்சாரத்தைத் தடுத்து வைத்திருக்கிறதா என்பதை அதன் விளக்கு காட்டும். மின்சாரம் வந்தபின் சில நிமிடங்கள் காத்திருந்தே அது விடும் என்பதால் அவசரப்பட்டு அதை அகற்றிவிட வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பிரிட்ஜின் பின்பக்க வயரைப் பாருங்கள். எலியும் அணிலும் கடித்த வயரை ரேப் சுற்றிச் சமாளிக்காமல் முழுதாக மாற்ற வேண்டும்.

அறிகுறி 2: விளக்கு எரிகிறது, ஆனால் கொம்பிரசர் ஓடவே இல்லை

தெர்மோஸ்டாட் உண்மையாகவே குற்றவாளியாக இருக்கக்கூடிய இடம் இதுதான்.

குமிழ் 0இல் நிற்கிறதா?

சிரிக்க வேண்டாம். பிரிட்ஜைத் துடைக்கும்போது கைபட்டோ, பிள்ளைகள் திருகியோ குமிழ் 0க்குப் போய்விடுவது வழமையாக நடக்கிறது. நடு இலக்கத்துக்குத் திருப்பி ஐந்து நிமிடம் பொறுங்கள். 0இலிருந்து 1க்குத் திருப்பும்போது விரலில் ஒரு சிறு சொடுக்குத் தெரிய வேண்டும். குமிழ் சொடுக்கே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுழன்றால், பல சமயங்களில் உடைந்திருப்பது பிளாஸ்டிக் குமிழ் மாத்திரமே. குமிழை இழுத்துக் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும் தண்டைக் குறட்டால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். குமிழின் நடுவில் சிவப்புப் பொத்தான் உள்ள மாதிரியென்றால், ஐஸ் கரைப்பதற்காக அதை அழுத்தியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். உள்ளே வெப்பம் ஏறி அந்தப் பொத்தான் தானாக வெளியே வரும்வரை கொம்பிரசர் ஓடாது.

மீற்றரால் சோதித்தல்

பிளக்கைக் கழற்றுங்கள். விளக்கும் குமிழும் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் ஒன்றோ இரண்டோ ஸ்குரூ இருக்கும். அவற்றைக் கழற்றினால் பெட்டி கையோடு வரும். எந்த நிற வயர் எந்த இலக்க முனையில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துவிட்டே வயரில் கை வையுங்கள். முனைகளுக்குப் பக்கத்தில் 3, 4, 6 போன்ற இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பெருமளவில் பயன்படும் வகைகளில் கொம்பிரசரை ஓட்டி நிறுத்தும் தொடுகை 3க்கும் 4க்கும் இடையில் இருக்கிறது. பிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் வயரிங் படம் வேறுவிதமாகச் சொன்னால் படத்தையே நம்புங்கள்.

அந்த இரண்டு முனைகளின் வயர்களையும் கழற்றி, மீற்றரைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, குமிழை நடு இலக்கத்தில் விட்டு, முனைகளைத் தொடுங்கள். பிரிட்ஜ் குளிராமல் அறை வெப்பநிலையில் இருக்கும்போது மீற்றர் சத்தமிட வேண்டும். தடை ஏறத்தாழ பூச்சியமாக இருக்க வேண்டும். 0க்குத் திருப்பியதும் சத்தம் நின்றுவிட வேண்டும். எந்த இலக்கத்திலும் சத்தமே வராவிட்டால் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். இதற்கு மிகப் பொதுவான காரணம் அந்த மெல்லிய குழாய் எங்கேயோ மடிந்து வெடித்து, உள்ளிருந்த வாயு வெளியேறியது. வாயுவை இழந்த தெர்மோஸ்டாட் எப்போதும் குளிராகவே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு தொடுகையைத் திறந்தே வைத்திருக்கும். முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற உப்புக் காற்றுப் படும் இடங்களில் முனைகளும் தொடுகைகளும் பச்சை பூத்துக் கெடுவதும் உண்டு. அப்படியானால் கிளிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

மீற்றர் இல்லையென்றால்

பிளக் கழற்றியிருக்கும் நிலையிலேயே, 3இலும் 4இலும் இருந்து கழற்றிய இரண்டு வயர்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, இணைப்பு முழுவதையும் இன்சுலேஷன் ரேப்பால் மூடுங்கள். கை எடுத்தபின் பிளக்கைச் செருகுங்கள். கொம்பிரசர் மெல்லிய உறுமலுடன் ஓடத் தொடங்கினால் தெர்மோஸ்டாட்டில்தான் பிழை. ஓடாவிட்டால் தெர்மோஸ்டாட்டை மாற்றி எந்தப் பயனுமில்லை; அறிகுறி 3க்குச் செல்லுங்கள். தானாக ஐஸ் கரைக்கும் இரட்டைக் கதவு பிரிட்ஜ்களில் இடையில் ஒரு டைமர் இருக்கும். அது ஐஸ் கரைக்கும் கட்டத்தில் நின்றாலும் கொம்பிரசர் ஓடாது என்பதால், அவற்றில் அரை மணிநேரம் பொறுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்த இணைப்பு சோதனைக்கு மட்டுமே உரியது. 'டிரெக்ட்' கொடுத்து விட்டிருக்கிறோம், இரவில் பிளக்கைக் கழற்றிவிடுவோம் என்று மாதக்கணக்கில் பிரிட்ஜை ஓட்டும் வீடுகளும் கடைகளும் வன்னியில் ஏராளம். நிறுத்த மறக்கும் நாள்கள் கூடினால் மின்கட்டணத்தில் அது தெரியும். ஓய்வில்லாமல் ஓடும் கொம்பிரசரும் வேளைக்கே போய்விடும். ஒரு தெர்மோஸ்டாட்டின் விலையை மிச்சம் பிடிப்பதற்காகக் கொம்பிரசரை விலையாகக் கொடுப்பதில் எந்தக் கணக்கும் இல்லை.

அறிகுறி 3: சில நிமிடங்களுக்கொருமுறை 'டிக்' என்று கேட்கிறது, கொம்பிரசர் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது

தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்துவிட்டது. கொம்பிரசரால்தான் கிளம்ப முடியவில்லை. 'டிக்' என்பது கொம்பிரசர் சூடாகி எரியாமல் காக்கும் பாதுகாப்புச் சுவிட்சின் சத்தம். இந்த அறிகுறிக்குத் தெர்மோஸ்டாட் வாங்கி மாற்றியவர்களைத்தான் அதிகமாகக் காண்கிறேன்.

வோல்டேஜ்

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். சட்டப்படி அதற்கு மேலும் கீழும் 6 சதவீதம் வரை மாறலாம். அதாவது ஏறத்தாழ 216க்கும் 244க்கும் இடையில் இருக்க வேண்டும். மின்மாற்றியிலிருந்து நீண்ட தூரம் இழுக்கப்பட்ட கடைசிக் கம்பங்களில் உள்ள வீடுகளுக்கு, மாலை எல்லாரும் விளக்குப் போட்டுச் சமைக்கும் நேரத்திலும், தோட்டக் கிணறுகளில் மோட்டர்கள் ஓடும் காலை நேரத்திலும் இதைவிடக் குறைவாகவே வந்து சேரும். பிரிட்ஜ் பகலில் ஒழுங்காக ஓடி, இரவு ஏழு மணிக்குப் பிறகு 'டிக்' போடத் தொடங்கினால் உள்ளே எதையும் கழற்ற வேண்டாம். எல்இடி விளக்கு குறைந்த வோல்டேஜிலும் மங்காமல் எரியும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மின்விசிறியின் வேகத்தைப் பாருங்கள், அல்லது இலக்கம் காட்டும் வோல்டேஜ் கார்ட் ஒன்றைச் செருகி நண்பகலிலும் இரவிலும் என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள்.

அயல் வீடுகளிலும் இதே நிலையென்றால் மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிட வேண்டும். உங்கள் வீட்டில் மட்டும் குறைகிறது என்றால், வீட்டிலிருந்து தள்ளிக் கட்டிய குசினிக்கு எப்படி மின்சாரம் போகிறது என்று பாருங்கள். மெல்லிய நீட்டிப்பு வயர் ஒன்றை முற்றத்தைக் கடந்து இழுத்து, அதில் பிரிட்ஜையும் அரைக்கும் மெஷினையும் சேர்த்துச் செருகியிருப்பது நமது ஊர் வழக்கம். கொம்பிரசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்த வயரால் அதைக் கொண்டுவர முடியாது. பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

மின்சாரம் போய் உடனே வந்ததா?

நின்ற கொம்பிரசரை உடனே ஓடவிட்டால் அதற்குள் இருக்கும் அழுத்தத்தை மீறி அதனால் கிளம்ப முடியாது. பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். இதற்குப் பிறகு ஒழுங்காக ஓடினால் உங்களுக்குத் தேவைப்படுவது தாமதித்து மின்சாரம் விடும் கார்ட் ஒன்று மட்டுமே.

ரிலேயும் பாதுகாப்புச் சுவிட்சும்

வோல்டேஜ் சரி, காத்திருந்தும் பயனில்லை என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிரிட்ஜின் பின்புறம் கீழே, கொம்பிரசரின் பக்கவாட்டில் உள்ள கறுப்பு மூடியைத் திறவுங்கள். இங்கே முதலில் கண்ணில் படுவது எறும்புக் கூடாகவோ கருகிய பல்லியாகவோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெதுவெதுப்பான அந்த மூலையை அவை விரும்புகின்றன. காய்ந்த தூரிகையால் துப்புரவு செய்யுங்கள். பூச்சிகொல்லித் தெளிப்பானை அங்கே அடிக்காதீர்கள். அதில் பல வகை எரியக்கூடியவை.

மூன்று ஊசிகளில் செருகியிருக்கும் ரிலேயை நேராக இழுத்தெடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே துண்டுகள் உருளும் சத்தம் கேட்டால், அல்லது கருகிய மணம் வந்தால், அது உடைந்துவிட்டது. கொம்பிரசரின் மாதிரி இலக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போய் அதே வகை ரிலேயை வாங்குங்கள். கூடவே பெரிய மின்தேக்கி ஒன்று பூட்டியிருந்தால் அதன் முனைகளை விரலால் தொடாதீர்கள், பிளக் கழற்றிய பின்னும் அதில் மின்னேற்றம் இருக்கும்.

இங்கே நிறுத்தித் திருத்துநரை அழைக்க வேண்டிய இடம்: ரிலே கழற்றிய நிலையில் கொம்பிரசரின் மூன்று ஊசிகளுக்கிடையேயும் தடையை அளந்தால், மிகப் பெரிய அளவு மற்ற இரண்டு அளவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டாலோ, எந்த ஊசிக்கும் கொம்பிரசரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்ச்சி காட்டினாலோ, கொம்பிரசர் போய்விட்டது. பழைய பிரிட்ஜ் என்றால் திருத்தும் செலவைப் புதியதன் விலையோடு ஒப்பிட்டுவிட்டே சம்மதம் சொல்லுங்கள்.

அறிகுறி 4: நிற்காமல் ஓடுகிறது, மரக்கறியும் பாலும் உறைந்துபோகின்றன

சித்திரை வெயிலுக்கு 7இல் வைத்த குமிழ் மார்கழி மழையிலும் 7இலேயே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நடுவுக்குக் குறைத்து ஒரு முழுநாள் விட்டுப் பாருங்கள். வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் இந்த அறிகுறியை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. அது 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக வைத்துப் பயன்படுத்தவே கூடாது.

குமிழை 0க்குத் திருப்புங்கள். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் தெர்மோஸ்டாட்டின் தொடுகை ஒட்டிப்போய்விட்டது, அல்லது யாரோ முன்பு 'டிரெக்ட்' கொடுத்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் எது என்பது தெரியும். தொடுகை ஒட்டியிருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

0இல் நின்று, மற்ற இலக்கங்களில் தானாக நிற்பதில்லை என்றால் உடனே புதியது வாங்க ஓட வேண்டாம். குழாயின் நுனி ஐஸ் பெட்டியின் தகட்டோடு இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐஸைச் சுரண்டும்போது அந்தப் பிடி தளர்ந்து நுனி காற்றில் தொங்கிக்கொண்டிருப்பது அடிக்கடி காணப்படும் ஒன்று. தகட்டின் குளிரை உணராத தெர்மோஸ்டாட் எப்படி நிறுத்தும்? நுனியை உரிய இடத்தில் வைத்து இறுக்கினாலே பிழை நீங்கிவிடும்.

பிடியும் சரி என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெளியே எடுத்து, ஒரு கோப்பை நொறுக்கிய ஐஸில் தாராளமாக உப்பைக் கலந்து, குழாயின் நுனிப்பகுதியை அதற்குள் அமிழ்த்துங்கள். குமிழ் 1இல் இருக்கட்டும். சில நிமிடங்களில் 'டிக்' என்று தொடுகை திறக்க வேண்டும். வெளியே எடுத்துக் கையால் சூடாக்கினால் மறுபடி மூட வேண்டும். திறக்காவிட்டால் மாற்றுங்கள். உப்புச் சேர்க்காத வெறும் ஐஸ் இதற்குப் போதாது, ஏனெனில் ஐஸ் பெட்டித் தகட்டுத் தெர்மோஸ்டாட்டுகள் பூச்சியத்துக்கு நன்றாகக் கீழே போன பின்புதான் நிறுத்துகின்றன.

அறிகுறி 5: நிற்காமல் ஓடுகிறது, ஆனாலும் குளிர் போதவில்லை

இதில் தெர்மோஸ்டாட் நிரபராதி. குளிர் போதாததால்தான் அது நிறுத்தாமல் இருக்கிறது.

பிரிட்ஜ் சுவரோடு ஒட்டி நிற்கிறதா? பின்னால் ஒரு சாணாவது இடம் விடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, மேற்கு வெயில் படும் சுவரோரம், அடுப்புக்குப் பக்கத்தில் என்று எல்லா வெப்பத்தையும் ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு அதனிடம் குளிர் கேட்க முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி பின்பக்கக் கம்பி வலையில் கம்பளிபோல் படிந்துவிடும்; பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் தட்டி அகற்றுங்கள். பிரதான வீதியோரக் கடைகளில் இதை இரண்டு மாதத்துக்கொருமுறை செய்ய வேண்டியிருக்கும். பின்னால் கம்பி வலையே இல்லாத மாதிரிகளில் பக்கச் சுவர்கள் சூடாவது இயல்பானது.

அடுத்து கதவு றப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் பல இடங்களில் இதைச் செய்ய வேண்டும். தாள் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் வெளிக்காற்று உள்ளே போகிறது. றப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வளைந்த இடத்தில் சுடுநீரில் நனைத்த துணியை ஒற்றிப் பிடித்தால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். கதவை மூடிய பின்னும் விளக்கு எரிகிறதா என்று அறிய, தொலைபேசியில் வீடியோ பதிவைத் தொடக்கி உள்ளே வைத்து மூடுங்கள். அணையாத பழைய பல்பு பிரிட்ஜை உள்ளிருந்து சூடாக்கும்.

ஐஸ் பக்கற் விற்கும் கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் பிரிட்ஜ் நிறையத் தண்ணீர்ப் பக்கற்றுகளை அடுக்கிவிட்டுக் குளிரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு. அது பிழையல்ல; பாதிப் பாதியாக அடுக்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, அரை மணிநேரம் ஓடியும் பின்பக்க வலை சிறிதும் சூடாகவில்லை, ஐஸ் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கிறது, குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பசை தெரிகிறது என்றால் வாயு கசிந்துவிட்டது. இதில் உங்கள் வேலை முடிந்தது. திருத்துநரை அழைக்கும்போது, கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயு மட்டும் நிரப்பித் தர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வடிகட்டியை மாற்றி, வெற்றிடமாக்கி, தகவல் தாளில் எழுதியுள்ள அதே வாயுவை நிறையளந்து நிரப்புவதே முறையான வேலை. ஆர் 134ஏ பிரிட்ஜுக்கு ஆர் 600ஏ நிரப்பித் தருகிறேன், மலிவாக முடியும் என்பவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

அறிகுறி 6: மேலே ஐஸ் மலையாகக் கிடக்கிறது, கீழே குளிரில்லை

ஒற்றைக் கதவு பிரிட்ஜ் என்றால் முழுதாக நிறுத்தி ஓர் இரவு கதவைத் திறந்து விட்டு ஐஸைக் கரையுங்கள். கத்தி, ஸ்குரூ டிரைவர் எதையும் ஐஸுக்குள் விடாதீர்கள். அந்த அலுமினியத் தகட்டுக்குள்தான் வாயு ஓடுகிறது. ஒரு துளை விழுந்தால் தெர்மோஸ்டாட் மாற்றும் செலவோடு முடிய வேண்டியது பல மடங்காகிவிடும். பின்சுவரின் அடியிலுள்ள வடிகால் துவாரம் அடைபட்டிருந்தால் ஈர்க்கை விட்டுச் சுத்தம் செய்யலாம். தானாக ஐஸ் கரைக்கும் இரட்டைக் கதவு பிரிட்ஜில் இதே அறிகுறி வந்தால் காரணம் ஐஸ் கரைக்கும் சூடாக்கி, அதன் தனித் தெர்மோஸ்டாட், டைமர், காற்றாடி ஆகியவற்றுள் ஒன்று. குமிழுக்குப் பின்னாலுள்ளது அல்ல. அவற்றைத் திருத்துநரிடம் விடுங்கள்.

அறிகுறி 7: தொட்டால் அதிர்ச்சி அடிக்கிறது, அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

உடனே பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும்போது காலில் செருப்பு இருக்கட்டும், பிரிட்ஜின் உடலைத் தொடாதீர்கள். பிரிட்ஜைக் கழற்றியதும் ட்ரிப் சுவிட்ச் விழாமல் நின்றால் பிழை பிரிட்ஜில். ட்ரிப்பே இல்லாத வீட்டில் அதிர்ச்சி அடிக்கிறது என்றால் பிழை இரண்டு: பிரிட்ஜில் மின்கசிவு, வீட்டில் நிலத்தொடுப்பு (எர்த்) இல்லாமை. கோடையில் மணல் நிலம் காய்ந்து நிலத்தொடுப்புக் கம்பி பயனற்றுப்போவதும் உண்டு. மாரி வெள்ளம் புகுந்து கொம்பிரசர் நனைந்த பிரிட்ஜையும் இதே வரிசையில் வையுங்கள். வெளியே காய்ந்துவிட்டதை நம்பிச் செருகிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. இந்த அறிகுறியில் வீட்டில் செய்து பார்க்கும் சோதனை எதுவும் இல்லை. தகுதியுள்ள மின்னியலாளர் காப்புத் தடையை அளந்து சொல்லும்வரை பிளக் கழன்றே இருக்கட்டும்.

தெர்மோஸ்டாட்தான் என்று உறுதியான பின்: மாற்றும் முறை

பழையதைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள். வவுனியா, கிளிநொச்சி நகரங்களில் உதிரிப்பாகக் கடைகள் உண்டு. உடலில் பொறித்த மாதிரி இலக்கம், முனைகளின் எண்ணிக்கை, குழாயின் நீளம், குமிழ்த் தண்டின் வடிவம் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். சிவப்புப் பொத்தான் உள்ளதற்குப் பதிலாக அதே வகையையே வாங்குங்கள். மீன் கடைகளில் இருக்கும் பெட்டிவகை உறைகுளிரூட்டியின் தெர்மோஸ்டாட் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நிறுத்தும் வெப்பநிலை வேறு. அதை பிரிட்ஜில் பூட்டினால் அறிகுறி 4 நிரந்தரமாகிவிடும். கடையில் வைத்தே குமிழ்த் தண்டைத் திருப்பி மீற்றரால் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

ஐஸ் முழுவதும் கரைந்து, உட்புறம் துடைத்து உலர்ந்த பின் தொடங்குங்கள். வயர்களைக் கழற்றும்போது குறட்டால் உலோகக் கிளிப்பைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுத்தால் கிளிப் கழன்று உள்ளேயே நின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு வயரைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதன் அதே இலக்க முனையில் செருகிக்கொண்டே போனால் படத்தைத் திருப்பிப் பார்க்கவே தேவைப்படாது. பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு போட்ட வயர் தெர்மோஸ்டாட்டின் உலோக உடலில் பூட்டப்பட்டிருந்தால் அதைப் பூட்டாமல் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமலும் பிரிட்ஜ் ஓடும், ஆபத்தே அதுதான்.

பழைய குழாயைப் பிடியிலிருந்து விடுவித்து மெதுவாக இழுத்தெடுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் கழற்றிப் புதியதற்கு மாட்டுங்கள். உறைகுளிரூட்டிகளில் இந்தக் குழாய் உடற்சுவருக்குள் ஒரு துவாரத்தின் வழியே நெடுந்தூரம் போகும். இழுக்கு முன் துவாரத்தின் வாயில் ஒரு துண்டு ரேப்பை ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால், புதியதை எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பது தெரியும். பிரிட்ஜில் நுனியிலிருந்து ஒரு சாண் அளவாவது தகட்டோடு ஒட்டி இறுகியிருக்க வேண்டும். மிஞ்சும் நீளத்தை ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் அளவுக்கு வட்டமாகச் சுருட்டி வையுங்கள். மூலையில் மடித்து ஒடுக்கினால் புதிய தெர்மோஸ்டாட்டும் அன்றைக்கே அறிகுறி 2ஐக் காட்டும். குழாய் எந்த மின்முனையிலும் முட்டாமல் இருப்பதைப் பெட்டியை மூடு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாற்றிய பின்னும் சரிவரவில்லை என்றால்

குமிழை நடுவில் வைத்து, நடுத் தட்டில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் வெப்பமானியை வைத்து, ஓர் இரவு கதவைத் திறக்காமல் விடுங்கள். காலையில் 4 அல்லது 5 பாகை காட்டினால் வேலை சரி. முதல் சில மணிநேரம் நிற்காமல் ஓடுவதைக் கண்டு பதற வேண்டாம்.

மறுநாளும் நிற்காமல் ஓடித் தண்ணீர் உறைந்தால் நுனி தகட்டில் இறுகவில்லை. அதைத் திருத்தியும் தொடர்ந்தால் வாங்கியது வேறு வகைக்குரியது. ஒன்றிரண்டு நிமிடங்களில் நின்று நின்று ஓடினால் நுனியின் இடம் மாறியிருக்கிறது. பழைய நுனி பதிந்திருந்த தழும்பு தகட்டில் தெரியும், அங்கேயே கொண்டுபோய் வையுங்கள். ஓடவே இல்லையென்றால் குழாய் மடிந்திருக்கிறது அல்லது வயர் இலக்கம் மாறியிருக்கிறது. விளக்கு எரியாமல் கொம்பிரசர் மட்டும் ஓடினால், அல்லது குமிழ் 0இல் இருக்கும்போது மட்டும் ஓடினால், வயர் மாறியது என்பது நிச்சயம். பிளக்கைக் கழற்றி, முதலில் எடுத்த படத்தை எடுத்துப் பாருங்கள். படமும் இல்லை, வயரிங் தாளும் கிழிந்துவிட்டது என்றால் நிறத்தை வைத்து ஊகித்துச் செருகாமல், கழற்றிய நிலையிலேயே திருத்துநரிடம் காட்டுங்கள்.